ஆட்டோஎஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லையா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

கல்லூரிக் கணினி ஆய்வகமோ சின்ன அலுவலகமோ, பல லினக்ஸ் இயந்திரங்கள் ஒரே சர்வரில் உள்ள ஹோம் டைரக்டரிகளைப் பயன்படுத்தும் இடங்களில் பெரும்பாலும் ஆட்டோஎஃப்எஸ்தான் மவுண்ட் வேலையை, அதாவது சர்வரின் டைரக்டரியை உள்ளூர்ப் பாதை ஒன்றில் இணைக்கும் வேலையைக் கவனித்துக்கொள்கிறது. யாராவது அந்தப் பாதையைத் தொட்டதும் மவுண்ட் செய்யும், கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் கழற்றிவிடும். ஓடும்வரை அது இருப்பதே தெரியாது. நின்றுபோனால் திரையில் வருவது ஒரே ஒரு வரி: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி".

புதியவர்களைத் திசைதிருப்புவது இந்த வரிதான். சர்வர் அணைந்து கிடந்தாலும், ஃபயர்வால் மறித்தாலும், சர்வர் அனுமதி மறுத்தாலும், மேப் கோப்பில் (எந்தப் பாதையில் எதை மவுண்ட் செய்வது என்று எழுதியுள்ள கோப்பு) ஒரு எழுத்து தவறினாலும் ஆட்டோஎஃப்எஸ் பயனரிடம் சொல்வது அநேகமாக இதே வரியைத்தான். அதைப் படித்துவிட்டு மேப் கோப்பைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய்விடும். உண்மையான காரணம் தெரிய வேண்டுமானால் ஆட்டோஎஃப்எஸ்ஸை முதலில் ஓரமாக வைத்துவிட்டு, அதே மவுண்டை உங்கள் கையால் செய்து பாருங்கள். கையால் ஆகாதது ஆட்டோஎஃப்எஸ்ஸாலும் ஆகாது. கையால் ஆகிறது என்றால் சர்வர், நெட்வொர்க், ஃபயர்வால் மூன்றையும் விட்டுவிட்டு மேப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

கீழே கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. தட்டும்போது, வேறு சொல்லாத இடங்களில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு அமைப்பை வைத்துக்கொள்வோம். சர்வரின் பெயர் நாஸ்1, முகவரி 192.168.10.5. அதில் /எக்ஸ்போர்ட்/ஹோம் என்ற டைரக்டரி என்எஃப்எஸ் மூலம் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பகிரப்படுகிறது. கிளையன்டில் /ஹோம்/மீனா என்று தொட்டால் சர்வரின் /எக்ஸ்போர்ட்/ஹோம்/மீனா வந்து அமர வேண்டும்.

படி 1: மவுண்ட் செய்வது யார்?

தானாக மவுண்ட் செய்யும் வேலையை இன்றைய லினக்ஸில் இரண்டு பேர் செய்யக்கூடும். ஒன்று ஆட்டோஎஃப்எஸ் சர்வீஸ், மற்றது சிஸ்டம்டி, அதாவது இயந்திரத்தின் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல். எது என்று தெரியாமல் ஆட்டோஎஃப்எஸ் கோப்புகளைத் தேடிக்கொண்டிருப்பது வீண்.

ஃபைண்ட்எம்என்டி -டி ஆட்டோஎஃப்எஸ்

என்று தட்டுங்கள் (-டி என்பது டைப் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து). சோர்ஸ் என்ற நிரலில் /இடிசி/ஆட்டோ.ஹோம் போல மேப் கோப்பின் பெயர் வந்தால் அது ஆட்டோஎஃப்எஸ். சிஸ்டம்டி-1 என்று வந்தால் /இடிசி/எஃப்எஸ்டேப் என்ற மவுண்ட் பட்டியல் கோப்பில் யாரோ எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள், அல்லது ஆட்டோமவுண்ட் யூனிட் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டியலில் பின்எஃப்எம்டி_மிஸ்க் என்று ஒரு வரி பெரும்பாலும் சிஸ்டம்டி-1 பெயரில் இருக்கும். அதற்கும் நெட்வொர்க் பகிர்வுக்கும் தொடர்பில்லை.

உங்கள் பாதை பட்டியலிலேயே இல்லையென்றால் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது மாஸ்டர் மேப்பை (மற்ற மேப் கோப்புகளைப் பட்டியலிடும் முதன்மைக் கோப்பு) அது படிக்கவில்லை. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஆட்டோஎஃப்எஸ்' பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். ஒரே பாதையை இரண்டு பேரிடமும் ஒப்படைத்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக மவுண்ட் ஆகி, எது எப்போது கழலும் என்று சொல்ல முடியாத நிலை வந்துவிடும்.

படி 2: கையால் மவுண்ட்

முதலில் மென்பொருள் இருக்கிறதா பாருங்கள். டெபியன், உபுண்டு வகைகளில் என்எஃப்எஸ்-காமன் என்ற பேக்கேஜ், ரெட் ஹாட் வகைகளில் என்எஃப்எஸ்-யூடில்ஸ். இது இல்லாமல் மவுண்ட் கட்டளை கொடுத்தால் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று நீளமான ஒரு வரி வரும். வட்டு கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம், துணை நிரல் இல்லை என்பதுதான் பொருள்.

பிறகு ஆட்டோஎஃப்எஸ்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் காலி டைரக்டரி ஒன்றை உருவாக்கி, ரூட் ஆக:

மவுண்ட் -வி -டி என்எஃப்எஸ் -ஓ ரீட்ரை=0 நாஸ்1:/எக்ஸ்போர்ட்/ஹோம் /எம்என்டி/டெஸ்ட்

ரீட்ரை=0 கொடுக்காவிட்டால் மவுண்ட் கட்டளை 2 நிமிடம்வரை முயன்றுகொண்டே இருக்கும். சோதனைக்கு முதல் தோல்வியிலேயே நின்றுவிடுவது நல்லது. -வி இருப்பதால் எந்தப் பதிப்பில், எந்த முகவரியோடு பேசுகிறது என்பதும் திரையில் வரும். இப்போது வரும் பிழைச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டுகிறது.

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றால் சர்வர் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, போர்ட் 2049-இல் கேட்க யாரும் இல்லை. சர்வரில் என்எஃப்எஸ் சர்வீஸைத் தொடங்க வேண்டும். "கனெக்ஷன் டைம்ட் அவுட்" என்றால் பதிலே வரவில்லை: இயந்திரம் அணைந்திருக்கலாம், அல்லது ஃபயர்வால் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்பதைப் பார்த்ததும் கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகிப்பார்கள். பிங் போகிறது, ஆனால் இந்தச் செய்தி வருகிறது என்றால் அது பெரும்பாலும் சர்வரில் உள்ள ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் நிரல் மறுத்து அனுப்பும் பதில்தான்.

"ஆக்சஸ் டினைட் பை சர்வர்" என்று வந்தால் நெட்வொர்க்கில் குறையில்லை. சர்வர் உங்களோடு பேசியது, இந்த முகவரிக்கு இந்தப் பகிர்வு இல்லை என்று சொல்லிவிட்டது. என்எஃப்எஸ் 4-ஆம் பதிப்பில் இதே நிலைமைக்கு "ரீசன் கிவன் பை சர்வர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்றும் வரும். இரண்டுக்கும் படி 3-ஐப் பாருங்கள்.

"ரிக்வெஸ்டட் என்எஃப்எஸ் வெர்ஷன் ... இஸ் நாட் சப்போர்ட்டட்" என்றால் பதிப்பு ஒத்துப்போகவில்லை. விருப்பங்களில் வெர்ஸ்=3 என்று ஒருமுறையும் வெர்ஸ்=4.2 என்று ஒருமுறையும் கொடுத்துப் பாருங்கள். எது ஓடுகிறதோ அதையே பிறகு மேப்பிலும் எழுதலாம்.

சர்வரின் பெயரால் ஆகவில்லை, 192.168.10.5 என்று முகவரி கொடுத்தால் ஆகிறது என்றால் கோளாறு பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் நாஸ்1' என்று பாருங்கள். என்எஸ்லுக்கப்பைவிட இதுவே சரியான சோதனை. ஏனென்றால் இது /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பையும் சேர்த்து, மவுண்ட் கட்டளை பெயரைத் தேடும் அதே வழியில் போகிறது. பழைய முகவரி ஒன்று ஹோஸ்ட்ஸ் கோப்பில் மறந்துபோய்க் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

இங்கே ஷோமவுண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. 'ஷோமவுண்ட் -இ நாஸ்1' என்பதை முதல் சோதனையாகப் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பேசுவது 3-ஆம் பதிப்பு காலத்து மவுண்ட்டி சர்வீஸோடு. 4-ஆம் பதிப்புக்கு டிசிபி 2049 ஒன்று திறந்திருந்தால் போதும். 3-ஆம் பதிப்புக்கோ அதோடு போர்ட் 111-இல் ஆர்பிசிபைண்ட், பிறகு மவுண்ட்டி, ஸ்டேட்டி, லாக்டி எல்லாம் வேண்டும். அவை சாதாரணமாக நிலையான போர்ட்டில் உட்காருவதுமில்லை. ஆகவே 2049 மட்டும் திறந்த சர்வரில் ஷோமவுண்ட் தோற்கும், மவுண்ட் நன்றாக ஆகும். ஷோமவுண்ட் தோற்றதைச் சான்றாக எடுத்துக்கொண்டு சர்வரைப் பிரிக்காதீர்கள்.

படி 3: சர்வரின் பட்டியல்

சர்வரில் /இடிசி/எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்ப்பது பாதி வேலைதான். கோப்பில் இருப்பது வேறு, கெர்னலிடம் போய்ச் சேர்ந்தது வேறு. 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி' என்றால் இப்போது நடைமுறையில் உள்ள பட்டியல் வரும். கோப்பை மாற்றினால் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுத்த பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

சரியான வரி இப்படி இருக்கும்:

/எக்ஸ்போர்ட்/ஹோம் 192.168.10.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே ஒரு இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும். உங்கள் நெட்வொர்க்குக்கு இயல்பு விருப்பங்கள், அதாவது படிக்க மட்டும் அனுமதி. அடைப்புக்குறிக்குள் உள்ள எழுதும் அனுமதி உலகத்தில் உள்ள எல்லா இயந்திரங்களுக்கும். "எழுத முடியவில்லை" என்று புகார் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து யார் கண்ணிலும் படாமல் திறந்து கிடக்கும். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி பட்டியலில் ஏதாவது ஒரு வரியில் வேர்ல்ட் என்ற சொல் தெரிந்தால் உடனே இந்த இடைவெளியைத் தேடுங்கள்.

மவுண்ட் ஆகிறது, உள்ளே காலியாக இருக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சர்வரில் ஒவ்வொரு பயனரின் ஹோமும் தனி ஃபைல்சிஸ்டமாக இருந்தால், மேல் டைரக்டரியை மட்டும் பகிர்வது போதாது. கிராஸ்எம்என்டி என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது ஒவ்வொன்றையும் தனியே பகிர வேண்டும். இரண்டாவது காரணம், சர்வர் மறுதொடக்கம் ஆனபோது வட்டு மவுண்ட் ஆகாமல், வட்டு உட்கார வேண்டிய வெறும் டைரக்டரி பகிரப்பட்டிருப்பது. எக்ஸ்போர்ட் வரியில் மவுண்ட்பாயின்ட் என்ற விருப்பம் இருந்தால், வட்டு உண்மையில் மவுண்ட் ஆகியிருந்தால் மட்டுமே பகிர்வு நடக்கும். இதை ஆரம்பத்திலேயே போட்டுவைப்பது நல்ல பழக்கம். காலி டைரக்டரிக்குள் பயனர்கள் எழுதத் தொடங்கி, பிறகு வட்டு மேலே வந்து அமர்ந்து, எழுதியதெல்லாம் மறைந்துபோவதை இது தடுக்கும்.

மேக் கணினியிலிருந்து மட்டும் மறுப்பு வந்தால் போர்ட் எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் சர்வர் இயல்பாக 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டிலிருந்து வரும் வேண்டுகோளையே ஏற்கும். மேக் அப்படி அனுப்புவதில்லை. மேக்கில் மவுண்ட் விருப்பமாக ரெஸ்வ்போர்ட் கொடுத்தால் தீர்ந்தது.

படி 4: மேப் கோப்புகள்

கையால் மவுண்ட் ஆகிறது. /ஹோம்/மீனா மட்டும் வரவில்லை. சோதனை மவுண்டைக் கழற்றிவிட்டு ஆட்டோஎஃப்எஸ்ஸிடம் வாருங்கள்.

மாஸ்டர் மேப் /இடிசி/ஆட்டோ.மாஸ்டர். அதில் ஒரு வரி:

/ஹோம் /இடிசி/ஆட்டோ.ஹோம் --டைம்அவுட்=300

/இடிசி/ஆட்டோ.ஹோம் கோப்பில் ஒரு வரி:

* -எஃப்எஸ்டைப்=என்எஃப்எஸ்4,ஆர்டபிள்யூ,ஹார்ட் நாஸ்1:/எக்ஸ்போர்ட்/ஹோம்/&

நட்சத்திரக் குறி எந்தப் பெயரையும் ஏற்கும். அந்தப் பெயர் & இருக்கும் இடத்தில் போய் உட்காரும். மீனா என்றால் மீனா, ரவி என்றால் ரவி.

முதலில் 'ஆட்டோமவுண்ட் -எம்' கட்டளையைக் கொடுங்கள். ஆட்டோஎஃப்எஸ் எந்தெந்த மேப்பை எங்கிருந்து படித்தது, ஒவ்வொன்றிலும் என்ன கண்டது என்று எல்லாவற்றையும் கொட்டும். உங்கள் வரி அதில் இல்லையென்றால் கோப்பு படிக்கப்படவே இல்லை. காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்.

மாஸ்டர் மேப்பைத் தொடாமல் /இடிசி/ஆட்டோ.மாஸ்டர்.டி டைரக்டரியில் தனிக் கோப்பு வைத்திருந்தால், அதன் பெயர் .ஆட்டோஎஃப்எஸ் என்று முடிய வேண்டும். வேறு எப்படி முடிந்தாலும் கண்டுகொள்ளாது, பிழைச்செய்தியும் தராது. ஒரே மவுண்ட் புள்ளி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பதிவேட்டில் "இக்னோரிங் டூப்ளிகேட் இன்டைரக்ட் மவுண்ட்" என்று ஒரு வரி இருக்கும். கோப்பில் இல்லாமல், பயனர் விவரங்களை மையமாக வைத்திருக்கும் எல்டாப்பிலோ அதை எடுத்துத் தரும் எஸ்எஸ்எஸ்டியிலோ மேப் இருந்தால் /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஆட்டோமவுண்ட்: என்று தொடங்கும் வரியில் எஸ்எஸ்எஸ் அல்லது எல்டாப் இருக்கிறதா பாருங்கள்.

மேப் கோப்புக்கு இயக்க அனுமதி இருக்கக்கூடாது. இது தெரியாதவர் கண்ணில் படவே படாது. கோப்பில் எக்ஸ் பிட் இருந்தால், அதை ஒரு நிரல் என்று எண்ணி ஆட்டோஎஃப்எஸ் இயக்கப் பார்க்கும், உள்ளே உள்ள வரிகளைப் படிக்காது. விண்டோஸ் பகிர்விலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நகலெடுத்த கோப்புகள் பலமுறை 755 அனுமதியோடு வந்து சேரும். வரிகள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் மவுண்ட் ஆகவில்லை என்றால் 'எல்எஸ் -எல்' கொடுத்துப் பாருங்கள். 'சிஎச்மாட் 644' போதும்.

கீ, அதாவது மேப் வரியின் தொடக்கத்தில் உள்ள பெயர், எழுதும் முறையிலும் தவறு நேரும். மேலே உள்ளது போன்ற இன்டைரக்ட் மேப்பில் கீ வெறும் பெயராக, மீனா என்று இருக்க வேண்டும். /ஹோம்/மீனா என்று முழுப்பாதை எழுதினால் ஒருபோதும் பொருந்தாது. டைரக்ட் மேப்பில் இதற்கு நேர்மாறு. மாஸ்டரில் மவுண்ட் புள்ளிக்குப் பதில் /- என்று எழுதி, மேப்பில் முழுப்பாதையும் எழுத வேண்டும்.

ஒரு விஷயத்தில் பதற்றம் வேண்டாம். 'எல்எஸ் /ஹோம்' காலியாக வருவது கோளாறு அல்ல. யாரும் தொடாத பெயரை ஆட்டோஎஃப்எஸ் காட்டாது, இயல்பு அமைப்பு அப்படி. 'எல்எஸ் /ஹோம்/மீனா' என்று முழுப்பெயரைச் சொல்லித் தொட்டால்தான் வரும். ப்ரவுஸ்_மோட் என்ற அமைப்பை மாற்றினால் மேப்பில் பெயராக உள்ள கீகள் தெரியும். நட்சத்திர மேப்பில் காட்டுவதற்குப் பெயரே இல்லை என்பதால் அங்கே அதனாலும் பயனில்லை.

/ஹோம் முழுவதையும் ஆட்டோஎஃப்எஸ்ஸிடம் கொடுத்தால், அந்த இயந்திரத்தின் சொந்த வட்டில் ஏற்கெனவே இருந்த ஹோம் டைரக்டரிகள் அடியில் மறைந்துவிடும். இயந்திரத்தை நிறுவியபோது உருவாக்கிய நிர்வாகிக் கணக்கின் ஹோமும் அதில் ஒன்று. கோப்புகள் அழியவில்லை, சர்வீஸை நிறுத்தினால் திரும்பத் தெரியும். ஆனால் புதிய பயனரை உருவாக்கும்போது /ஹோமுக்குள் டைரக்டரி உருவாக்க முடியாமல் கட்டளை தோற்கும். சொந்தக் கணக்குகளை /லோக்கல்ஹோம் போல வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஆட்டோஎஃப்எஸ்ஸைத் தொடங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆகவில்லையென்றால் ஆட்டோஎஃப்எஸ் செய்வதை நேரடியாகப் பார்த்துவிடலாம். பயனர்கள் இல்லாத நேரத்தில் சர்வீஸை நிறுத்திவிட்டு, ரூட் ஆக:

ஆட்டோமவுண்ட் -எஃப் -வி -டி

இங்கே -டி என்பது டிபக் என்ற சொல்லின் முதல் எழுத்து. இது முன்னணியில் ஓடி, ஒவ்வொரு அசைவையும் திரையில் எழுதும். இன்னொரு டெர்மினலில் /ஹோம்/மீனாவைத் தொடுங்கள். முதலில் ஹேண்டில்_பாக்கெட்_மிஸ்ஸிங்_இன்டைரக்ட் என்ற வரி வரும். அதில் நேம் என்பதற்குப் பக்கத்தில் கேட்கப்பட்ட பெயரும், ரிக்வெஸ்ட் பிஐடி என்பதற்குப் பக்கத்தில் கேட்ட புராசஸின் எண்ணும் இருக்கும். பிறகு லுக்அப்_மவுண்ட் வரியில் அந்தப் பெயருக்கு எந்த மேப் வரி கிடைத்தது என்று தெரியும். அதையடுத்து "காலிங் மவுண்ட்" என்று வரும் வரியில் உண்மையில் இயக்கிய கட்டளை முழுவதும் இருக்கும். அதன் கீழே >> குறியோடு மவுண்ட் கட்டளையே சொன்ன பிழை. பயனரிடம் போய்ச் சேராமல் விழுங்கப்பட்ட செய்தி இதுதான். "காலிங் மவுண்ட்" வரியில் உள்ள விருப்பங்களை நீங்கள் கையால் தட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எங்கேயோ அங்கேதான் கோளாறு.

ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் இயந்திரத்தில் சர்வீஸை இப்படி நிறுத்தாதீர்கள். /இடிசி/ஆட்டோஎஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் லாகிங் = டிபக் என்று மாற்றி, சர்வீஸை மறுதொடக்கம் செய்து, 'ஜர்னல்சிடிஎல் -யு ஆட்டோஎஃப்எஸ் -எஃப்' மூலம் அதே வரிகளைப் பாருங்கள். வேலை முடிந்ததும் டிபக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள், பதிவேடு வேகமாகப் பெருகும்.

சரிசெய்த பிறகும் உடனே முயன்றால் தோற்கலாம். ஒருமுறை தோற்ற பெயரை ஆட்டோஎஃப்எஸ் 60 விநாடி நினைவில் வைத்திருக்கும், அதுவரை மறுபடி முயலாமலேயே இல்லை என்று சொல்லும். திருத்தம் பலிக்கவில்லை என்று எண்ணிச் சரியானதைத் திரும்பவும் கெடுத்துவிடாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். இன்டைரக்ட் மேப்பில் செய்த மாற்றம் அடுத்த மவுண்டில் தானாக வரும். மாஸ்டர் மேப்பையும் டைரக்ட் மேப்பையும் மாற்றினால் 'சிஸ்டம்சிடிஎல் ரீலோட் ஆட்டோஎஃப்எஸ்' வேண்டும்.

கையால் சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் ஓடுகிறது, ஆனால் இயந்திரம் பூட் ஆனதும் ஓடுவதில்லை என்றால் அது வரிசைக் கோளாறு. நெட்வொர்க்கோ எஸ்எஸ்எஸ்டியோ தயாராகும் முன் ஆட்டோஎஃப்எஸ் எழுந்து, காலி மேப்பைப் படித்துவிட்டது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆட்டோஎஃப்எஸ்' மூலம் யூனிட் பகுதியில் ஆஃப்டர் என்பதற்கும் வான்ட்ஸ் என்பதற்கும் (இந்த மூன்று சொற்களின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் சேர்த்து, தேவையானால் ஆஃப்டரில் எஸ்எஸ்எஸ்டி.சர்வீஸும் சேருங்கள்.

படி 5: மவுண்ட் ஆனது, அனுமதி இல்லை

'எல்எஸ் -எல்என்' கொடுங்கள். -என் இருந்தால் பெயருக்குப் பதில் எண் வரும், இங்கே எண்தான் முக்கியம். சாதாரண பாதுகாப்பு முறையில் அனுமதி தர என்எஃப்எஸ் பெயரைப் பார்ப்பதில்லை, பயனருக்குரிய யுஐடி எண்ணைப் பார்க்கிறது. சர்வரில் மீனாவின் எண் 1005, கிளையன்டில் 1001 என்றால், சர்வர் கணக்கில் வந்திருப்பவர் வேறு ஆள். இரண்டு பக்கமும் 'ஐடி மீனா' கொடுத்து ஒப்பிடுங்கள்.

உரிமையாளர் இடத்தில் எல்லாம் நோபடி, அல்லது 65534 என்று வந்தால் 4-ஆம் பதிப்பில் உரிமையாளரின் பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாடு குழம்பியிருக்கிறது. /இடிசி/ஐடிமேப்டி.கான்ஃப் கோப்பில் டொமைன் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்திய பின் கிளையன்டில் 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்துப் பழைய நினைவைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் நோபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

ரூட் ஆக இருந்தும் மீனாவின் ஹோமுக்குள் நுழைய முடியவில்லை என்பது பாதுகாப்பு ஏற்பாடு. சர்வரில் ரூட்_ஸ்குவாஷ் இயல்பாகவே இருப்பதால் கிளையன்டின் ரூட் அங்கே நோபடி ஆகிவிடுகிறார். நோ_ரூட்_ஸ்குவாஷ் போட்டால் தீரும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஹோம் பகிர்வில் அதைச் செய்யாதீர்கள். ஒரு கிளையன்டில் ரூட் கிடைத்தவர் எல்லோருடைய கோப்பையும் திறக்க முடியும். 'சு - மீனா' என்று அந்தப் பயனராகவே மாறிச் சோதியுங்கள்.

ஒரு பயனருக்கு மட்டும், அதுவும் சில குழு டைரக்டரிகளில் மட்டும் அனுமதி மறுக்கப்பட்டால் அவர் எத்தனை குழுவில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண முறையில் ஒரு வேண்டுகோளோடு 16 குழுக்கள்தான் போகும். 17-ஆவது குழு சர்வருக்குத் தெரியாது. சர்வரில் மவுண்ட்டியை --மேனேஜ்-ஜிஐடிஸ் விருப்பத்தோடு ஓட்டினால், சர்வர் தன் பட்டியலிலிருந்தே குழுக்களை எடுத்துக்கொள்ளும்.

ரெட் ஹாட் வகை இயந்திரத்தில் கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே போகிறது, எஸ்எஸ்எச் கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு: 'செட்எஸ்இபூல் -பி யூஸ்_என்எஃப்எஸ்_ஹோம்_டிர்ஸ் ஆன்' (இங்கே -பி மட்டும் பெரிய எழுத்து). கெர்பரோஸ் (டிக்கெட் கொடுத்துப் பயனரை அடையாளம் காணும் முறை) உள்ள இடங்களில் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எல்லாம் மறுக்கப்படும். அடுத்து 'கேலிஸ்ட்' கொடுத்து டிக்கெட் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். இரவில் ஓடும் கிரான் வேலைகள் அனுமதியில்லாமல் தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

படி 6: உறைந்துபோன டெர்மினல்

எல்எஸ் கொடுத்தால் திரும்ப வரவில்லை, கன்ட்ரோல்-சி கேட்கவில்லை, டிஎஃப் கூடத் தொங்குகிறது. 'பிஎஸ்' பட்டியலில் அந்தப் புராசஸ் டி என்ற நிலையில் இருக்கும். கெர்னல் பதிவேட்டில் "சர்வர் நாஸ்1 நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்" என்று இருக்கும். இயந்திரம் கெட்டுவிடவில்லை. ஹார்ட் மவுண்ட் என்றால் சர்வர் திரும்பும்வரை காத்திருப்பது என்று பொருள். சர்வர் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடரும், எழுதிக்கொண்டிருந்த தரவும் போய்ச் சேரும்.

ஆகவே முதலில் சர்வரைப் பாருங்கள், கிளையன்டை ரீபூட் செய்யாதீர்கள். சர்வர் இனி வரப்போவதில்லை என்று உறுதியானால் மட்டும் 'யுமவுண்ட் -எஃப்'. எழுதப்படாமல் நினைவகத்தில் இருந்தது போய்விடும் என்பது தெரிந்தே செய்யுங்கள். 'யுமவுண்ட் -எல்' பாதையை மட்டும் பார்வையிலிருந்து எடுக்கும். தொங்கும் புராசஸ்கள் அப்படியே தொங்கும், எத்தனை என்பதுகூடப் பிறகு தெரியாமல் போகும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து மேப்பில் சாஃப்ட் என்று எழுதுவோர் உண்டு. எழுதும் பகிர்வுக்கு அது கூடாது. காத்திருக்கும் நேரம் முடிந்ததும் பிழையோடு கைவிட்டுவிடும். அந்தப் பிழையைச் சரியாகக் கவனிக்காத நிரல்கள் அரைகுறையாக எழுதிய கோப்பை முழுக் கோப்பென்று எண்ணிவிடும். டைமியோ (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) மதிப்பை மாற்றும்போதும் கவனம்: அதன் அலகு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. டிசிபியில் இயல்பு மதிப்பான 600 என்பது 60 விநாடி. 5 விநாடி என்று எண்ணி டைமியோ=5 எழுதினால் கிடைப்பது அரை விநாடி.

"ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" வேறு வகை. கிளையன்ட் பிடித்திருந்த டைரக்டரி சர்வரில் அழிக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்பட்டது, அல்லது வட்டு மாறி ஃபைல்சிஸ்டத்தின் அடையாளம் மாறிவிட்டது. பெயர் அதே, ஆள் வேறு. அந்த டைரக்டரிக்குள் இருப்பவர்கள் வெளியே வந்தபின் யுமவுண்ட் செய்து மறுபடி தொட்டால் தீரும். சர்வர் வட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் இது வருகிறதென்றால் எக்ஸ்போர்ட் வரியில் எஃப்எஸ்ஐடி= என்று ஒரு நிலையான எண்ணைக் கொடுங்கள்.

ஒருபோதும் கழலாத மவுண்டுக்கும் காரணம் இருக்கும். கண்காணிப்பு நிரல், டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜர், கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் அப்டேட்டிபி இவற்றில் ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டே இருக்கிறது. 'ஃப்யூசர் -விஎம் /ஹோம்/மீனா' இப்போது பிடித்திருப்பவரைக் காட்டும். விட்டுவிட்டுத் தொடுபவரைப் பிடிக்க, படி 4-இல் சொன்ன ரிக்வெஸ்ட் பிஐடி எண்ணே போதும்.

சிஸ்டம்டி, விண்டோஸ் பகிர்வு, கன்டெய்னர்

எஃப்எஸ்டேப் வழியாகச் செய்திருந்தால் கோப்பை மாற்றியதும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' வேண்டும். இல்லாவிட்டால் பழைய வரியே ஓடும். பலமுறை தோற்ற யூனிட் ஃபெயில்ட் நிலையில் நின்றுவிட்டால் 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட்' கொடுத்து ஆட்டோமவுண்ட் யூனிட்டைத் தொடங்குங்கள். யூனிட்டின் பெயரில் சாய்கோடு வராது: /எம்என்டி/டேட்டா என்ற பாதைக்கு எம்என்டி-டேட்டா.ஆட்டோமவுண்ட்.

ஆட்டோஎஃப்எஸ்ஸில் விண்டோஸ் அல்லது சாம்பா பகிர்வை எழுதும்போது இடத்தின் பெயர் முக்காற்புள்ளியில் தொடங்க வேண்டும்: ://நாஸ்1/பொது. அந்த முதல் முக்காற்புள்ளி விடுபடுவதே மிகுதி. கடவுச்சொல்லை மேப்பில் எழுதாமல் 600 அனுமதியுள்ள தனிக் கோப்பில் வைத்து கிரெடென்ஷியல்ஸ்= மூலம் காட்டுங்கள். பிழை எண் 112, "ஹோஸ்ட் இஸ் டவுன்" என்று வந்தும் பிங் போகிறது என்றால் எஸ்எம்பி (விண்டோஸ் பகிர்வு பேசும் நெறிமுறை) பதிப்பு பொருந்தவில்லை, வெர்ஸ்=3.0 போன்று பதிப்பைச் சொல்லிப் பாருங்கள்.

டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரல்களைத் தனித்து ஓட்டும் சூழல்) /ஹோம் பாதையைக் கொடுத்து, உள்ளே தொட்டால் "டூ மெனி லெவல்ஸ் ஆஃப் சிம்பாலிக் லிங்க்ஸ்" என்று வந்தால் இணைப்புக் கோப்புகளைத் தேட வேண்டாம். வெளியே ஆட்டோஎஃப்எஸ் மவுண்ட் செய்துவிட்டது, அது கன்டெய்னருக்குள் பரவவில்லை. வால்யூம் வரியின் முடிவில் :ஆர்ஸ்லேவ் என்று சேர்த்து கன்டெய்னரை மறுபடி தொடங்குங்கள். வெளியில் மவுண்ட் ஆகும் ஒவ்வொன்றும் அப்போது உள்ளேயும் தெரியும்.